கல்யாணத்தில் அடித்த தீ மணி

பிப்ரவரி 3, ஞாயிறு
பங்குக் கோயிலில் திருப்பலிக்கான காலை மணி. வழக்கம்போலத் தச்சர் பெரிய மணி, நான் சின்ன மணி. அவர் மணி ஓசை அடங்குவதற்குள் என் மணி பேச வேண்டும். இன்று இரண்டு முறை பிந்திவிட்டேன். கயிறு புதுசு என்று சமாளித்தேன். பாவம் கயிறு, திருப்பிப் பேசாது.

பிப்ரவரி 8
வலது காது அடைத்த மாதிரியே இருக்கிறது. சளியாக இருக்கும். "உன்னைக் கூப்பிடவும் ஒரு மணி வாங்கணும்போல" என்கிறார் வீட்டுக்காரர். சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 16, சனி
மானம் போச்சு.
கல்யாண மணி மாறி மாறிக் கேட்க வேண்டும். இன்று இரண்டும் சேர்ந்தே அடித்திருக்கின்றன. எனக்குத் தெரியவே இல்லை. இரண்டும் சேர்ந்தால் ஒரே அர்த்தம்தான் — தீ. கோயில் கட்டிய காலத்திலிருந்து அப்படித்தான். பேக்கரிக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார், பின்னால் பாதித் தெரு. மாப்பிள்ளையின் கோட்டு நனைந்துவிட்டது. "நிறுத்துங்கம்மா!" என்று தச்சர் கத்தினாராம். அதுவும் என் காதில் விழவில்லை.
"கல்யாணம்னா ஆபத்துன்னு சரியாத்தானே எச்சரிச்சிருக்கே" — வீட்டுக்காரர். சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 19
காது டாக்டரைப் பார்த்தோம். சளி இல்லை. வலது காது போனது போனதுதான். இடது பாதி. கருவி வைத்தாலும் மணிக்கூண்டுக்குள் வெறும் இரைச்சல்தான் கேட்குமாம்.
பொம்பளைக்கு எதுக்கு மணின்னு கேட்டவங்க முன்னாடியெல்லாம் விடாம புடிச்ச கயிறு. இப்போ நானே விடணுமா?

பிப்ரவரி 20
தச்சரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 22
பட்டறைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். விலகிக்கொள்கிறேன் என்றேன். இழைப்புளியைக் கீழே வைத்தார்.
"முன்னாடி போறவங்களுக்குக் காது எதுக்கும்மா? கை போதும். பின்னாடி வர்றவனுக்குத்தான் காது வேணும். கயித்த மாத்திக்குவோம்."
பெரிய மணிக் கயிறு அவர் குடும்பத்தை விட்டு வெளியே போனதே இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் தரைக்கல்லே குழிந்திருக்கிறது. "உங்க அப்பா இருந்தா ஒத்துக்குவாரா?" என்றேன்.
"மேல போனதும் நான் பேசிக்கிறேன்."
அங்கேயே அழுதுவிட்டேன். அவர் மரத்தூளைக் கூட்டுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 3, ஞாயிறு
பெரிய மணி என்ன கனம்! உள்ளங்கை இரண்டும் கொப்புளம். தச்சர் சின்ன மணியோடு என்னைத் துரத்திக்கொண்டே வந்தார். ஒரு அடிகூடத் தப்பவில்லை என்று பேக்கரிக்காரர் சொன்னார். முடிந்ததும் தச்சர் சுற்றிக்கொண்டு என் இடது பக்கம் வந்து நின்றார்.
"கொஞ்சம் மெதுவா இழுங்கம்மா. என்னால ஈடுகுடுக்க முடியல."
முடியாது என்று சொல்லிவிட்டேன்.