நான் சும்மா இல்லை

என்னங்க,

நேற்று மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரரிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. "உங்க பார்சலையும் எங்க வீட்லயே குடுக்கச் சொல்லுங்க. அவ சும்மாதானே இருக்கா!"

சும்மாவா? காலையெல்லாம் பதிப்பகத்துக்கு மொழிபெயர்க்கிறேன். மதியம் கொஞ்ச நேரம்தான் எனக்கென்று படிக்கிறேன். நேற்று நாவலில் கதாநாயகி சாகக் கிடக்கிறாள், அந்நேரம் பார்த்து அழைப்புமணி அடிக்கிறது. ஓடிப் போய்த் திறந்தால், நீங்கள் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கும் மூன்றாம் மாடிக்காரரின் செருப்புப் பார்சல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால் இன்று வேலையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போகிறேன். உங்களுக்கு விடுமுறைதானே? வாக்குக் கொடுத்தவரே வாசலில் நின்று வாங்கி வைக்கட்டும்.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடுங்கள். கோபம் உங்கள் மேல்தான், உங்கள் வயிற்றின் மேல் இல்லை.

பி.கு.: ஜன்னலோரம் ஈரத்துணி போர்த்தி வைத்திருக்கும் களிமண் தலையைத் திறந்து பார்க்காதீர்கள். சாயங்காலங்களில் உங்களைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மூக்கும் நெற்றியும் அச்சு அசலாக வந்துவிட்டன. வாய் இன்னும் வைக்கவில்லை. வைக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறேன்.