எழுந்தாச்சு அப்பா

பிப்ரவரி 9

என் தூங்குமூஞ்சிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே சுகம்தான். நீ ஹாஸ்டலுக்குத் திரும்பியதிலிருந்து உன் அம்மா சார்ஜர் வயரில் தடுக்கி விழாமல் வீட்டில் நடமாடுகிறாள்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் உடனே சமாதானமாகிவிடுவேன். அதனால்தான் டெப்போ ஓய்வறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் உன் மெசேஜ் வந்த பிறகுதான் நான் பஸ்ஸை எடுப்பேன் என்பது உனக்குத் தெரியும். கண்டக்டர்கூட, "அண்ணே, பொண்ணு எழுந்தாச்சா? விசில் அடிக்கட்டுமா?" என்றுதான் கேட்பான். லீவுக்கு நீ வந்திருந்தபோது, அந்த வியாழக்கிழமை, ஹாலில் போர்வையை இழுத்து மூடிக் கிடந்த உன்னைத் தாண்டித்தான் டியூட்டிக்குக் கிளம்பினேன். டெப்போவுக்குப் போய் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் போன் சத்தம் போட்டது. "எழுந்தாச்சு அப்பா. சாப்பிட்டாச்சு. காலேஜுக்குக் கிளம்பறேன்."

உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "அவளா? வாயைப் பொளந்துகிட்டுத் தூங்கறா" என்றாள்.

முதலில் சிரித்தேன். கண்டக்டரிடம் காட்டினேன், அவனும் சிரித்தான். முதல் டிரிப் முடிவதற்குள் சிரிப்பு போய்விட்டது. அப்படியானால் இத்தனை நாளும் வந்ததெல்லாம் யார் அனுப்பியது? சில நாள் "தலை சீவியாச்சு" என்றுகூட வரும். அதைக்கூட அப்பாவிடம் சொல்கிறாளே என்று நான் உருகிப் போயிருக்கிறேன்.

நீ இங்கே இருந்தவரை கேட்க வாய் வரவில்லை. இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வியாழக்கிழமை போக, மெசேஜ் சொன்னது பொய்யாகிப் போன நாள் வேறு ஏதாவது உண்டா? பேப்பரில் பதில் எழுது. போனில் வந்தால் அது நீதானா என்று எனக்குத் தெரியாது.

உன் அப்பா

பிப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு வந்த முதல் கடிதமே என்னைத் திட்டுகிற கடிதமாகிவிட்டது.

அதை அனுப்பியது நான் எழுதிய ஒரு சின்ன புரோகிராம். போன வருஷம் ஒருநாள் நான் தூங்கிவிட்டேன், நினைவிருக்கிறதா? மெசேஜ் வரவில்லை என்று பஸ்ஸை நிறுத்திவைத்தீர்கள். பயணிகள் கத்தினார்கள், உங்களுக்கு மெமோ கொடுத்தார்கள். நீங்கள் என்னிடம் மூச்சுவிடவில்லை. அம்மாதான் சொன்னாள். என் தூக்கத்தால் உங்கள் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ஒரே மாதிரி வந்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று வாக்கியங்களை மாற்றி மாற்றிப் போட்டேன். தலை சீவினது அப்படி வந்ததுதான். லீவுக்கு வீட்டுக்கு வரும்போது அதை நிறுத்திவைப்பேன், இந்தத் தடவை அந்த ஒருநாள் மறந்துவிட்டேன். வகுப்பில் காட்டியபோது எல்லாரும் பாராட்டினார்கள். "எங்க அம்மாவுக்கும் ஒண்ணு போட்டுக் குடுடி" என்று வரிசையில் நின்றார்கள்.

இங்கே எல்லாமே அப்படித்தான் அப்பா. நான் வகுப்புக்கு வந்ததை வாசல் மெஷினில் வைத்த விரல் சொல்கிறது. எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று கையில் கட்டிய வாட்ச் சொல்கிறது. பிறந்தநாளுக்குப் போன்தான் நினைவுபடுத்துகிறது, என்ன வாழ்த்துவது என்றும் அதுவே எடுத்துக் கொடுக்கிறது. நான் விரலை மட்டும் வைக்கிறேன். இது எனக்குத் தப்பாகவே தெரிந்ததில்லை, போன மாதம் வரைக்கும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: உண்டு. போன மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல். காலேஜ் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்திருந்தேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே என் போனிலிருந்து "சாப்பிட்டாச்சு, கிளம்பறேன்" என்று உங்களுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில், தினமும் பதிலுக்கு அனுப்புவீர்களே, அந்தப் பூப் படம் உங்களிடமிருந்து வந்தது. அதைப் பார்த்து அழுதேன். உண்மையைச் சொன்னால் பழையதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்து, அப்படியே விட்டுவிட்டேன்.

புரோகிராமை இன்று அழித்துவிட்டேன். என்னை மன்னிப்பீர்களா?

உங்கள் தூங்குமூஞ்சி

பிப்ரவரி 18

கண்ணு,

காய்ச்சல் இப்போது சுத்தமாக விட்டுவிட்டதா? அதை முதலில் எழுது.

மெமோவுக்காகத்தான் செய்தாய் என்று படித்ததும் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அந்த மூன்று நாளுக்கானது. நீ ஊசி போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாய், நான் இங்கே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கண்டக்டரோடு அரட்டை அடித்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன். அதுதான் ஆறமாட்டேன் என்கிறது. உன் அம்மா இரண்டு நாளாக என்னிடமும் பேசுவதில்லை. நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

உன் தலையில் இதைக் கட்டியதே நான்தான். மெசேஜ் வந்தால்தான் வண்டி என்று நான் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் உனக்கு இந்த வேலையே வந்திருக்காது. இனிமேல் அனுப்ப வேண்டுமே என்று அனுப்பாதே. தோன்றும்போது அனுப்பு. வண்டியை நான் நேரத்துக்கு எடுத்துவிடுவேன். எடுக்கப் பார்க்கிறேன்.

அப்பா

பிப்ரவரி 22

அப்பா,

காய்ச்சல் போயே போய்விட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள், உங்களோடும் பேசச் சொல்லுங்கள்.

நேற்று நம் பழைய மெசேஜையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நீங்கள் தினமும் ஒரே பூவைத்தான் அனுப்புகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒவ்வொரு நாளும் வேறு வேறு பூ. பரீட்சை அன்று ஒரு பெரிய சூரியகாந்தி. பஸ் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தேடித்தேடி அமுக்கியிருக்கிறீர்கள். மெசேஜ் போன விஷயமே எனக்கு ஞாபகம் இருக்காது, அதனால் பதிலையும் நான் சரியாகப் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது அப்பா.

உங்கள் மகள்

மார்ச் 2

என் தூங்குமூஞ்சிக்கு,

இன்று காலையில் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். போன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. "ஊதுடா" என்றேன். நேரத்துக்கு வண்டியை எடுத்துவிட்டேன். முதல் இரண்டு ஸ்டாப்பில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மூன்றாவது டிரிப் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது வந்தது. "அப்பா, தூங்கிட்டேன். முதல் கிளாஸ் போச்சு. இன்னும் சாப்பிடலை. தலைகூடச் சீவலை."

திரும்பத் திரும்பப் படித்தேன். கண்டக்டர், "என்னண்ணே சொல்லுது பொண்ணு?" என்றான்.

"கிளாஸ் போச்சாம். சாப்பிடலையாம்."

"அதுக்கா இப்படிச் சிரிக்கிறீங்க?"

அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற டைம் கீப்பருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், மெமோ கொடுத்த அதே ஆள்.

இதற்கு எந்தப் பூவை அனுப்புவது என்று ரொம்ப நேரம் தேடினேன். எதுவும் சரியாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் நீ சாப்பிட்டிருப்பாய். இருந்தாலும் சொல்கிறேன், போய்ச் சாப்பிடு.

அப்பா