குடத்தோடு சேர்ந்த அகப்பை

உமது பெயர் பொறித்த கேடயம் ஒன்று இன்று காலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் பசை நாற்றம். கையில் எடுத்தால் தங்கப் பூச்சு விரலோடு வந்துவிட்டது. நாம் இருவரும் தொடங்கிய முப்பரிமாண வடிவத் தேடல் போட்டி இனி உமது நினைவாக நடக்குமாம். யோசனை நம் துறைத்தலைவருடையதுதான், ஓய். உம்மிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிய அதே கைதான் இன்று உமது படத்துக்கு மாலை போட்டது.

அந்த முதல் போட்டிக்காகப் பாளையங்கோட்டைப் பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் குடம், செம்பு, அகப்பை என்று இரவல் வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தோம். "ஒண்ணு நசுங்கினாலும் நீருதான் எடுத்துக்கிடணும் வே" என்றார் அவர். பித்தளை மினுங்கினால் ஸ்கேனருக்கு உருவம் பிடிபடாது. நீர் பவுடர் டப்பாவை எடுத்து, குளிப்பாட்டிய பிள்ளைக்குப் பூசுவது போல ஒவ்வொரு குடத்துக்கும் பூசினீர். பதிவான உருவங்களை எல்லாம் ஒன்றாகக் கலந்து போட்டியாளர்களுக்கு அனுப்பினோம். ஒரு குடத்தைக் காட்டினால், அவர்கள் எழுதிய நிரல் அந்தக் குவியலிலிருந்து மற்றக் குடங்களைத் தேடி எடுத்துத் தர வேண்டும். எது எந்த இனம் என்ற விடைப்பட்டியல் நம் இருவரிடம் மட்டுமே இருந்தது.

கடையில் குடத்துக்குள் அகப்பையைச் செருகித்தான் கொடுத்திருந்தார்கள். அதை வெளியே உருவியபோது எண் சீட்டுகளை நீர் மாற்றிக் கட்டிவிட்டீர். விடைப்பட்டியலில் ஓர் அகப்பை குடமாகவும் ஒரு குடம் அகப்பையாகவும் ஏறிவிட்டது. நானும் கவனிக்கவில்லை.

முடிவுகள் வந்தன. எல்லா அணிகளின் நிரல்களும் அந்த அகப்பையை மற்ற அகப்பைகளோடு சேர்த்திருந்தன. ஓர் அணி மட்டும் அதைக் குடங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்திருந்தது. அதற்குத்தான் நூற்றுக்கு நூறு. நம் கல்லூரி அணி, துறைத்தலைவர் வழிநடத்திய அணி.

நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். "கண்ண மூடிக்கிட்டுத் தடவினாலும் இத எவனும் குடம்னு சொல்ல மாட்டான் வே. என் தப்ப அப்படியே காப்பி அடிச்சிருக்கானுவ."

எட்டாம் வகுப்புப் பையன்கூடக் காப்பி அடிக்கும்போது ஒன்றிரண்டை மாற்றி எழுதுவான். இந்த முனைவருக்கு அந்தப் புத்தியும் கிடையாது. ஆனால் வாய் இருந்தது. முதல்வர் அறையில் நீர் உமது தவறையும் சொல்லி, பட்டியல் கசிந்ததையும் சொன்னீர். "பட்டியலே தப்பு. அத வச்சுக்கிட்டு எங்க பிள்ளையள சந்தேகப்படுதீராக்கும்? அது வெளிய போயிருந்தாலும், கம்ப்யூட்டர பூட்டாம போனது நீருதான்" என்றார் துறைத்தலைவர். முதல்வர் தலையாட்டினார்; வேறு எதற்கும் அந்தத் தலையை அவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. நீர் கவனக்குறைவுக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தீர். முதல் பரிசு அவர்களுக்கே போயிற்று. நியாயமாக அதை வாங்கியிருக்க வேண்டியவர்கள் இரண்டாம் பரிசுக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

அன்று ஆற்றுப்பாலத்தில் பைக்கை நிறுத்தினீர். "நான்தான் பூட்டாம போயிருப்பேன் வே. அவரச் சொல்லி என்ன செய்ய?"

நீர் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தீர். விடைப்பட்டியலைக் கொடுத்தவன் நான். "பட்டியல் சரியா இருக்கான்னு ஒருதடவ பாத்துட்டுத் தாரேன்" என்று போட்டி முடியுமுன்பே துறைத்தலைவர் என்னிடம் கேட்டிருந்தார். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் கிடந்தது. பென்டிரைவை நீட்டிவிட்டேன். அவராவது திருடன் என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடுகிறார். நானோ பாலத்தில் நின்று, "சரி, விடும்" என்று உமக்கே ஆறுதல் சொன்னேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய விழாவில் துறைத்தலைவர், "நேர்மைன்னா அவருதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அடுத்து என்னை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டேன், ஓய். விடைப்பட்டியலை நான்தான் இவரிடம் கொடுத்தேன், நீர் எதையும் பூட்டாமல் போகவில்லை என்று சொன்னேன். கூரை இடிந்து விழும் என்று நினைத்தேன். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறைத்தலைவர் முதல் ஆளாகக் கைதட்டினார். அரங்கமும் சேர்ந்து தட்டியது. நான் கீழே இறங்கியதும் தோளில் கைபோட்டு, "உருக்கமா பேசினீரு வே. கூட்டாளி போன துக்கம், பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிடுதீரு" என்றார். வெட்கம் என்பது அந்த ஆளிடம் மருந்துக்கும் கிடையாது.

உமது தங்கை மட்டும் கைதட்டவில்லை. புன்னக்காயலிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். பந்திக்குப் போகாமல் வாசலில் எனக்காக நின்றாள்.

"அப்பம் அண்ணன் பூட்டாம போவலையா, அண்ணாச்சி?"

"இல்லம்மா. பூட்டிட்டுத்தான் போனாரு."

"வீட்டுக் கதவ அண்ணன் நாலு தடவ இழுத்து இழுத்துப் பாப்பாவ. எந்திரிக்க முடியாம கெடந்தப்பவும், பூட்டியாச்சான்னுதான் கேட்டாவ. நீங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

துறைத்தலைவரை இகழ்ந்துகொண்டே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன், ஓய். அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. இனி அது ஒன்றுக்கும் உதவாது. அவள் கேட்டது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.