நான்காவது சீலம்

1944 மே, வெசாக் பௌர்ணமி. பிரிக்ஃபீல்ட்ஸ்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன என் புருஷன் அங்கே பேதியில் செத்துப்போனார் என்று தெரிந்து பத்து நாள் ஆகிறது. பக்கத்து வீட்டுச் சிங்களக்காரச் சோமா அக்காவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மகள் செல்விக்காகப் பொட்டை அழிக்காமல் இருக்கிறேன்.

தீட்டோடு முருகன் கோவிலுக்குப் போக முடியாது. "எங்க விகாரைல தீட்டெல்லாம் இல்லலா, வா" என்று அக்கா இன்று கூட்டிப்போனாள்.

பிக்கு போதித்ததை அக்கா காதோடு தமிழில் சொன்னாள். வாழ்க்கை துக்கம். அதற்குக் காரணம் ஆசை. ஆசை போனால் துக்கம் போகும். அதற்கு எட்டு அங்கமுள்ள வழி உண்டாம். அவர் உயிரோடு திரும்ப வேண்டும் என்று நான் நினைத்ததும் ஆசைக் கணக்கில்தான் சேருமோ?

பிறகு ஐந்து சீலம். பிக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். முன்வரிசையில் ஒரு ஜப்பான் அதிகாரி பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி உட்கார்ந்திருந்தான். உயிரைக் கொல்ல மாட்டேன் என்பதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான். நாக்கு கூசவில்லை அவனுக்கு. திருட மாட்டேன், தவறான உறவு கொள்ள மாட்டேன். நானும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். நான்காவது, பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் வரவில்லை. அவன் அதையும் சொன்னான். மதுவைத் தொட மாட்டேன் என்ற ஐந்தாவது என் காதிலேயே விழவில்லை.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அக்கா.

"வீட்டுக்குப் போனா செல்வி கேப்பாளேக்கா."

கேட்டாள். "அப்பா எப்பம்மா வருவாரு?"

"தீபாவளிக்கு" என்றேன்.

கலைந்திருந்த என் பொட்டை அவளே சரியாக வைத்துவிட்டாள்.