வேலிச் சேலையும் ரோட்டவேட்டரும்

ஐப்பசி 9, செவ்வாய்

மழை விட்டு நாலு நாள். மண் நல்ல பதம். மண்ணச்சநல்லூரிலிருந்து வந்த பூவன் வாழைக் கன்றுகள் கொட்டகை நிழலில் வாடத் தொடங்கிவிட்டன. பெரிய டிராக்டர் நம் தோட்டத்துப் பாதையில் நுழையாது. குடலிறக்க ஆபரேஷன் ஆன இவர் மண்வெட்டியைத் தொடக் கூடாது. மினி டிராக்டர் இருப்பது கொழுந்தன் கண்ணனிடம் மட்டும். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு மூன்று வருடமாகப் பேச்சில்லை.

போனேன். மானத்தைப் பார்த்தால் கன்று காயும். "உழுற ரோட்டவேட்டர் மாட்டியேதான் இருக்கு. எடுத்துட்டுப் போங்க அண்ணி. பத்திரம்." அவ்வளவுதான். அவன் மனைவி சுமதி வாசலுக்கே வரவில்லை. உள்ளே குக்கர் விசில் மட்டும்.

அந்தப் 'பத்திரம்' காதிலேயே நிற்கிறது.

10, புதன்

வெயில். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று விடிந்ததும் ஆரம்பித்தேன். நானேதான் ஓட்டினேன். இவர் வரப்பில் நாற்காலி போட்டுக்கொண்டு "பின்னால பாரு, பின்னால பாரு" என்று ஒரே பல்லவி. மூன்று சால் அருமை. மண் புட்டு மாதிரி. நாலாவதில் திரும்பும்போது வேலியை ஒட்டிப் போய்விட்டேன். பன்றிக்குப் பயந்து நான் கட்டிய பழைய சேலை வேலி. முந்தானை ரோட்டவேட்டர் கத்தியில் மாட்டி, சுருட்டி இழுத்து, டப்! இன்ஜின் ஓடுகிறது, கத்தி சுற்றவில்லை.

நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, அரிவாளால் துணியை அறுத்தேன். ஒரு மணி நேரம். அப்புறமும் சுற்றவில்லை.

கிழிசலைப் பார்த்ததும் பகீரென்றது. மயில் கழுத்துக் கலர். எங்கள் கிரகப்பிரவேசத்துக்குச் சுமதி எடுத்துக் கொடுத்தது. சண்டை நடந்த வாரம், ஆத்திரத்தில் வேலியில் கட்டினேன்.

கியர் பாக்ஸ் போயிருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் பேச்சில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் நன்றாகச் சாப்பிட்டார்.

11, வியாழன்

கண்ணனிடம் சொல்லவில்லை. பயம்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து மெக்கானிக் வந்தார். "கியர் பாக்ஸுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. இந்த போல்ட்டு ஒடியறதுக்குன்னே போட்டது. இது ஒடிஞ்சதாலதான் மத்ததெல்லாம் தப்பிச்சுது." புது போல்ட். பத்து நிமிடம். ரங்கநாதருக்கு ஒரு கும்பிடு, அந்த போல்ட்டுக்கு ஒன்று.

மதியத்துக்குள் மீதி உழவும் முடிந்தது. இரண்டு தட்டு சோறு.

நாளைக்கு: டீசல் நிரப்ப, இவர் மாத்திரை, நடவுக்கு ஆள் மூன்று.

12, வெள்ளி

தூறல். கன்று நட்டாயிற்று. டிராக்டரைக் கழுவி ஓட்டிப்போனேன். இந்த முறை சுமதி வெளியே வந்தாள். கத்தி மூட்டில் இன்னும் மயில் கலர் நூல். குனிந்து இழுத்துப் பார்த்தாள். மறைக்க மனம் வரவில்லை.

"நீ எடுத்துக் குடுத்ததுதான் சுமதி. கோவத்துல வேலில கட்டிட்டேன். மாட்டி, போல்ட்டு ஒடிஞ்சு, வேற போட்டேன்."

என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். கத்தரிப் பாத்தியைச் சுற்றிச் சேலை வேலி. நடுவில் கிளிப்பச்சை. அவள் வளைகாப்புக்கு நான் எடுத்தது.

"மூணு வருஷம் வெயிலு, மழை. இன்னும் சாயம் போகலக்கா."

காபி குடித்துவிட்டுத்தான் வந்தேன்.