பிளம்ஸ் வைத்த படையல்

நான் ஒருமுறையும் பார்த்திராத என் பிரியமான அக்காவுக்கு,

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நம்புகிறவள் அல்ல நான். இருந்தும் உங்களோடு பேசாமல் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. நீங்கள் போய்ச் சில வருடங்கள் கழித்து உங்கள் கணவரை மணந்து, கோத்தகிரியிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கி வந்தவள் நான். இது எனக்கு இங்கே முதல் கோடை.

உங்கள் ஊரில் காற்றுக்கே வியர்க்கிறது அக்கா. தோப்புக்குள் வீடு, நிழலுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு தென்னை மட்டைகூட அசைவதில்லை. குளித்துத் துவட்டுவதற்குள் மறுபடி நனைந்துவிடுகிறேன். நீங்கள் ஒருநாளும் வெயிலைக் குறை சொன்னதில்லையாம். நிஜந்தானா?

சித்திரையில் ஒருநாள் கொள்ளு ரசம் வைத்தேன். எங்கள் மலைக் குளிருக்கு அது தினசரிச் சாப்பாடு. பக்கத்துத் தோட்டத்துச் சரசக்கா வாசனை பிடித்து உள்ளே வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இந்த வெய்யில்ல கொள்ளா? ஊட்டுக்காரருக்கு ஒடம்பெல்லாம் கட்டி வந்துருமுங்க!"

"எனக்குத் தெரியாதுங்க."

"அக்கா இருந்தா கம்பஞ்சோத்துல மோரூத்திக் கரைச்சு வெச்சிருப்பாங்க. அவிய கைக்குன்னே ஒரு ருசி."

அன்றைக்கே கம்பு வாங்கினேன். உங்களை ஜெயிக்கத்தான், வேறெதற்கு? முதல் தடவை கட்டி தட்டிப்போனது. அப்புறம் வந்தது. உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தேன். இந்த ஊருக்கு வந்து அன்றுதான் என் நெஞ்சு குளிர்ந்தது. உங்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. இதிலும் முந்திக்கொண்டீர்களே.

போன வாரம் உங்களுக்குப் படையல். சுமங்கலியாகப் போனவளுக்கு வருடா வருடம் சேலை வைத்து, பிடித்ததைச் சமைத்துப் படைப்பது இந்த வீட்டு வழக்கம். நான் கம்பஞ்சோற்றை உருட்டி இலையில் வைத்தேன். உங்களுக்கும் எனக்கும் நாத்தனாரான கோமதி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அட, அவளுக்குக் கம்பஞ்சோறு ஆவவே ஆவாதுங்க அண்ணி. அண்ணனுக்குன்னு ஆக்குவா. அவ தனியா ஒக்காந்து ரசஞ்சோறு திம்பா."

"பின்னே என்னதான் பிடிக்கும்?"

"உங்க ஊரு பிளம்ஸ்னா உசுரு. அண்ணன் வருசா வருசம் மலையேறிப் போயி வாங்கியாந்து படைக்குமே, உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை அக்கா. அப்பாவின் மரத்துப் பழம் வாங்கத்தான் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். கோடைக்குக் கோடை வந்தார், நின்று பேசினார். பழத்தின் மேல் ஆசை என்று முதலில் நினைத்தேன். பிறகு என் மேல் என்று. தட்டில் வைத்துக் கொடுத்தாலும் அவர் ஒரு பழத்தைக்கூடக் கடித்ததில்லை. எல்லாவற்றையும் சந்தேகிக்கிற எனக்கு அது மட்டும் ஏன் உறைக்கவில்லை?

என் அப்பாவைப் பார்த்து வருவதாக முந்தின நாள் கிளம்பியவர் அப்போதுதான் பையோடு உள்ளே வந்தார். எங்கள் மரத்துப் பழங்கள். ஒவ்வொன்றாகத் துடைத்து இலையில் வைத்தார்.

"வா கண்ணு, சாப்புடு."

என்னை அவர் இன்றும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுகிறார். அந்தக் 'கண்ணு' எனக்கு எத்தனை கோடை கழித்துக் கிடைக்கும்? நீங்கள் அதையும் கையோடு கொண்டுபோய்விட்டீர்களா?

சரி. ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த வருடம் அவர் மலையேற வேண்டாம். நானே போய் நல்ல பழமாகப் பார்த்துப் பறித்து வந்து உங்கள் இலையில் வைப்பேன். வயிறார எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பஞ்சோறு மட்டும் இனி உங்கள் இலைக்கு வராது. மத்தியானப் புழுக்கத்தில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே சட்டியிலிருந்து ஊற்றிக் குடிக்கிறோம். அதில் உங்களுக்குப் பங்கில்லை அக்கா.

இப்படிக்கு,
உங்களுக்குப் பின் வந்த தங்கை