எல்லோருக்கும் ஒரே சீரணி

786

கடலூர் ஓ.டி.
2-5-1964

அன்புள்ள சைதுன் லாத்தாவுக்கு ஆசியா உம்மாள் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் மாமியும் நலம். அங்கு நீங்களும் அப்துல் ஹக் மச்சானும் குழந்தை ஜெய்னப்பும் நலமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். ஜெய்னப்பின் அத்தா சிங்கப்பூரில் சுகமென்று எழுதியிருக்கிறார்கள்.

லாத்தா, இது மன்னிப்புக் கடிதம் இல்லை. மன்னிப்பைப் போன வருஷமே கேட்டு முடித்துவிட்டேன். இது காரியமாக எழுதுவது.

உங்கள் தங்கை மவுத்தான பிறகு அவர் இடத்துக்கு வந்தவள் நான். ஜெய்னப்பை என்னால் ஒரு வருஷம்கூட முழுதாக வைத்திருக்க முடியவில்லை. போன வருஷம் நபி பிறந்தநாள் மவ்லிது ஓதிய அன்று சாக்லேட் தின்று அவளுக்கு மூச்சு அடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். போனவள் இன்னும் வரவில்லை. இந்த வருஷ மவ்லிதுக்கு அவள் தன் வீட்டில் இருக்கவேண்டும் என்று நிய்யத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவளுக்கு எந்த இனிப்பு ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று நான் சுத்தமாகத் தெரிந்துகொள்ளவேண்டும்.

மீரான் மாமா ஜவுளி விஷயமாகச் சிதம்பரம் வருகிறார். அவர் கையில் பலாப்பழ அல்வா கொடுத்தனுப்பியிருக்கிறேன். பண்ருட்டிப் பலா, நெல்லிக்குப்பம் வெல்லம், தேங்காய்ப்பால், நெய், ஏலக்காய். வேறொன்றும் சேர்க்கவில்லை. சட்டியையும் கரண்டியையும் புதிதாக வாங்கித்தான் கிண்டினேன். ஒத்துக்கொண்டதா இல்லையா என்று ஒரு கார்டு போடுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் துஆவை நாடும்
ஆசியா உம்மாள்

சிதம்பரம்
11-5-1964

ரஃபியுதீன் வீட்டம்மாளுக்கு சைதுன் பீவி எழுதுவது. வ அலைக்கும் ஸலாம்.

டப்பா வந்தது. முதலில் நான் தின்றேன், பிறகு இவர் தின்றார். அவளுக்கு ஒரு விரல் நுனி கொடுத்துவிட்டு அஸர் தொழுகையிலிருந்து மஃரிப் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மிச்சத்தை அவளே வழித்துத் தின்றுவிட்டாள். நெய் கம்மி.

ஆனால் இனிப்பா இங்கே கேள்வி? சாக்லேட் அவளுக்கு ஆகாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். நீங்களும் அவளிடம் "சாக்லேட்டத் தொடாத" என்று சொன்னீர்கள். இல்லையென்று சொல்லவில்லை. அதே வாயால், "சீரணிய வேணாம்னு சொன்னா பாவம், ரெண்டு கையால வாங்கி பிஸ்மி சொல்லித் தின்னணும்" என்றும் பாடம் சொன்னீர்கள். அப்புறம் மவ்லிது ஓதி முடித்ததும் சீரணியாகப் பழமும் சர்க்கரையும் பகிர வேண்டிய தாம்பாளத்தில் சிங்கப்பூர் சாக்லேட்டை அடுக்கினீர்கள். பிள்ளை என்ன செய்யும்? சொன்ன பேச்சுக் கேட்டு ரெண்டு கையால் வாங்கித் தின்றது. உதடு வீங்கிக் கிடக்கும்போதுகூட, "சீரணிதான பெரியம்மா, அது எப்புடி ஆவாமப் போவும்?" என்று என்னைக் கேட்டது. அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

எதிர் வீட்டுக்காரர் அண்ணாமலை நகரில் புரொபசர். அவர் பையன் ஜிகினாத் தாள் பிரித்துச் சாக்லேட் தின்னும்போது இவள் தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். கேட்பதில்லை. பார்க்கிறாள், அவ்வளவுதான்.

மவ்லிதுக்கு அனுப்புவதாக இல்லை.

சைதுன் பீவி

786

கடலூர் ஓ.டி.
28-5-1964

அன்புள்ள லாத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதிலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பலாவும் வெல்லமும் தேங்காயும் ஒத்துக்கொண்டன என்று தெரிந்ததே, அதற்கு அல்ஹம்துலில்லாஹ்.

குழந்தை தூணுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அன்று சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மாமி, "என்னாடி, எந்த ஊரு கப்பல் கவுந்துச்சு?" என்றார்கள். அதனால் இந்தத் தடவை முந்திரிப்பருப்பை இடித்து, வெல்லப்பாகில் கிளறி, வில்லை வில்லையாக வெட்டியிருக்கிறேன். கடைத்தெருவில் சிவப்பும் பச்சையுமாகப் புது ஜிகினாத் தாள் வாங்கி, வில்லை ஒவ்வொன்றையும் வாழையிலையில் பொதிந்து, மேலே தாளைச் சுற்றினேன். இனி அவளும் எதிர் வீட்டுப் பையன் முன்னால் தாளைப் பிரித்துத் தின்னட்டும். முந்திரி அவளுக்குப் புதிதென்றால் உங்கள் வழக்கப்படியே விரல் நுனியில் ஆரம்பியுங்கள்.

நெய் இந்தத் தடவை ஜாஸ்தி.

ஆசியா உம்மாள்

சிதம்பரம்
6-6-1964

ரஃபியுதீன் வீட்டம்மாளுக்கு,

இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

"ஜிகினாத் தாளப் பாத்தா கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கோ" என்று இத்தனை மாதமாக அவளைப் பழக்கி வைத்திருந்தேன். உங்கள் டப்பாவைத் திறந்ததும் அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். இது சாக்லேட் இல்லையென்று நானே பிரித்துக் காட்டித் தின்னக் கொடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. முந்திரியும் ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் எதிர் வீட்டுப் பையன் தாள் சுற்றிய சாக்லேட்டை நீட்டியிருக்கிறான். இவள் கையைக் கட்டவில்லை. வாங்கிப் பிரித்து வாய்க்குக் கொண்டுபோகும்போது நான் பார்த்துத் தட்டிவிட்டேன். "சின்னம்மாதான் எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன்" என்று அழுதாள்.

உங்கள் பிரியத்தில் குறை சொல்லவில்லை. அந்தப் பிரியம்தான் இவளை இரண்டு தடவையும் ஆபத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. இவள் இங்கேயே இருக்கட்டும். இவள் அத்தாவுக்கும் எழுதப்போகிறேன்.

சைதுன் பீவி

786

கடலூர் ஓ.டி.
22-6-1964

அன்புள்ள லாத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

அனுப்பவேண்டாம் என்றீர்கள், இனிப்பு அனுப்பவில்லை. கடிதம் வேண்டாம் என்று நீங்கள் எழுதவில்லை.

தட்டிவிட்ட உங்கள் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

அவள் சொன்னதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். "சின்னம்மாதான் எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன்." அவளுக்கென்று தனி டப்பா, தனி வில்லை என்று நான்தான் தேடிக்கொண்டிருந்தேன், லாத்தா. அவள் எல்லோரும் தின்பதைத் தானும் தின்னத்தான் பார்க்கிறாள். நான் பிடித்துக்கொண்டு போன வழியே சரியில்லை.

அதனால் மூன்று காரியம் செய்தேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆளனுப்பி, உடம்புக்கு ஆகாத சீரணியை வேண்டாமென்றால் பாவமா என்று கேட்டேன். "நோயாளிக்கு நோன்பையே அல்லா தள்ளி வெச்சிருக்கான், சீரணி என்னம்மா பெரிசு? தாராளமா வேணாம்னு சொல்லட்டும்" என்று சொல்லியனுப்பினார். நான் சொல்லிக்கொடுத்த பாடம் தப்பு என்று குழந்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அடுத்து, இனி யார் கையிலும் சாக்லேட் கொடுத்தனுப்பக் கூடாது என்று சிங்கப்பூருக்கு எழுதிவிட்டேன். வந்தால் வந்தவர் கையிலேயே திருப்பி அனுப்புவேன்.

கடைசியாக மாமி. இந்த வருஷம் ஊருக்கெல்லாம் பலாப்பழ அல்வாதான் சீரணி என்றேன். "சாக்லேட் குடுக்கறதாலதான் இத சிங்கப்பூர் வீடுன்னு மதிக்கிறாங்க, நீ மானத்த வாங்காத" என்று சண்டை பிடித்தார்கள். பக்கத்து வீட்டிலும், "சிங்கப்பூர் காசு பண்ருட்டி பலாவுல வந்து நின்னுடுச்சா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். ருசி பார்க்க ஒரு சட்டி அல்வா கிண்டினேன். நேற்று மாமியே வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏலக்கா பத்தல" என்றார்கள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மவ்லிதுக்கு, பிறை பன்னிரண்டு அன்று, எங்கள் தாம்பாளத்தில் ஜெய்னப் தின்னக்கூடாதது ஒன்றும் இருக்காது. அவள் வந்தாலும் அப்படித்தான், வராவிட்டாலும் அப்படித்தான். நான் உயிரோடு இருக்கும் வரை வருஷா வருஷம் அப்படித்தான். நீங்களும் வந்து அவள் பக்கத்தில் உட்காருங்கள் என்று கேட்கிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்.

ஆசியா உம்மாள்

சிதம்பரம்
14-7-1964

ஆசியாவுக்கு சைதுன் லாத்தா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உனக்கு உடனே பதில் போடவில்லை. போட மனசில்லை. ஹஜ்ரத் சொன்னதை மட்டும் குழந்தையிடம் சொன்னேன். உன் கடிதத்தில் மீதியை அவளே எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். நேற்றுவரை அது எனக்குத் தெரியாது.

நேற்று இந்தத் தெருவில் ஒரு வீட்டில் மவ்லிது. அங்கேயும் ஒரு மலேயாக்காரர், தாம்பாளம் நிறைய சாக்லேட். பெண்கள் பக்கம் தட்டு வரும்போது நான் எழுந்து போய்த் தடுக்கப் பார்த்தேன், கூட்டத்தில் முடியவில்லை. இவள் தட்டைப் பார்த்தாள். கையைக் கட்டவுமில்லை, நீட்டவுமில்லை. "எனக்கு ஆவாது, வேணாங்க" என்றாள். அந்த அம்மாள், "சீரணிய வேணாங்கறியே புள்ள!" என்று கன்னத்தில் கை வைத்தாள். அதற்கு இவள், "எங்க வூட்ல சாக்லேட்டே குடுக்கறதில்ல. எல்லாருக்கும் பலாப்பழ அல்வாதான்" என்றாள். கூட்டத்தில் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் பெருமையாகவே.

ஆசியா, அவள் என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள், என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். எங்க வூடு என்று சொன்னது உன் வீட்டை. எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ரயிலேறுகிறோம். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. நான் மவ்லிது முடிந்து மறுநாள் திரும்பவேண்டும், இவருக்குச் சமைக்க ஆளில்லை.

பெட்டி கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "மவ்லிதுக்குத்தான போறோம், எதுக்கு பெரியம்மா என் பாவாட எல்லாத்தையும் வெக்கிறீங்க?" என்று கேட்டாள். கடைசிப் பாவாடையையும் மடித்து வைத்தேன். பதிலை நீ சொல்லு.

சைதுன்